இப்னு பதூத்தா ஊர் திரும்பிய கதை

நம் கடற்கரையூர்களில் 'சபர்' என்ற சொல்லை அறியாத குழந்தை இல்லை. அரபு மொழியில் பயணம் என்னும் பொதுப்பொருள் தரும் அச்சொல், நம்மவர் நாவில் ஒரு தனிப்பொருளைப் பெற்றுவிட்டது. அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போய்வருவதை நாம் சபர் என்பதில்லை. கடல் கடந்து பிழைக்கப் போவதே சபர், போனவர் சபராளி. கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் பாட்டனார் காலத்தில் இருந்த சபர், பின்னர் துபாய், ரியாத், குவைத் என்று திசை மாறிற்றேயன்றி நின்றுவிடவில்லை. சபராளியின் வீட்டாரைப் பார்த்து ஊரார் கேட்கும் வினாக்கள் இரண்டு. எப்போது வருகிறார் என்பது ஒன்று. வந்தால் இருந்துவிடுவாரா, திரும்பிப் போய்விடுவாரா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கடிதத்தில் விடை வரும். இரண்டாவதற்கு வந்தவருக்கே விடை தெரிவதில்லை.

இந்த இரண்டாவது வினாவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இப்னு பதூத்தாவின் பயணநூலை அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்தோம். உலகம் சுற்றிய முஸ்லிம் என்று நம் பிள்ளைகளின் பாடநூல்கள் அன்னாரைப் போற்றுகின்றன. அவர் சென்ற தூரத்தை அளந்து வியப்போர் பலர். அவர் ஏன் திரும்பினார், எப்படித் திரும்பினார், திரும்பியபோது வீட்டில் யார் இருந்தார் என்று கேட்போரை நாம் அதிகம் கண்டதில்லை. மத்ரஸாவில் ஓதிய நாளில் நாமும் அந்நூலில் யானைகளையும் சுல்தான்களையும்தான் தேடிப் படித்தோம். ஐம்பது வயதைக் கடந்தபின் அதே நூலைத் திறந்தபோது கண்ணில் பட்ட பக்கங்கள் வேறு.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கோடியில், ஸ்பெயின் தேசத்தை எதிர்நோக்கி நிற்கும் துறைமுகம் தன்ஜா. ஐரோப்பியர் அதனை டாஞ்சியர் என்பர். ஹிஜ்ரீ 703ஆம் ஆண்டு, கி.பி. 1304இல், அவ்வூரில் மார்க்கச் சட்டம் பயின்ற குடும்பம் ஒன்றில் இப்னு பதூத்தா பிறந்தார். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டபோது அவருக்கு வயது 21. துணைக்கு ஒருவருமில்லை, சேர்ந்து செல்லக் கூட்டமுமில்லை. பெற்றோர் இருவரும் ஹயாத்தாக இருந்தனர். அவர்களைப் பிரிவது தமக்குப் பெருஞ்சுமையாக இருந்தது என்றும், பிரிவின் நோயை அவர்களும் தாமும் ஒருங்கே அனுபவித்ததாகவும் அவர் சொல்லுகிறார். நூலின் தொடக்கத்திலேயே இது வருகிறது. பெயர், ஊர், புறப்பட்ட நாள், அடுத்தது தாய்தந்தையர். அரசரைப் பற்றிய புகழுரைகள் நீளும் நூலில் இச்சிறு பகுதியை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஏனெனில் இவ்விருவரைப் பற்றிய அடுத்த செய்தி வருவதற்கு நூலிலே பல நூறு பக்கங்களும், அவர் வாழ்விலே இருபதாண்டுகளுக்கு மேலும் கடந்துவிடுகின்றன.

புறப்பட்ட சில வாரங்களில் கடுங்காய்ச்சல் கண்டது. தங்கி உடல் தேறிச் செல்லுமாறு உடன்வந்தவர் கூறியும் கேட்கவில்லை. மரணம் வருவதாயின் ஹிஜாஸை நோக்கிய வழியில் வரட்டும் என்று கூறிவிட்டு, பலவீனத்தால் கீழே விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சென்றார். அந்நிலையில் தூனிஸ் நகரை அடைந்தார். வந்த கூட்டத்தை எதிர்கொள்ள நகரத்தார் வெளியே வந்து நின்றனர். ஒவ்வொருவரும் தத்தமக்குத் தெரிந்தவரைத் தேடி ஸலாம் உரைத்தனர். அவருக்கு ஸலாம் உரைப்பார் யாருமில்லை. அவரை அறிந்தவர் ஒருவரும் அங்கு இல்லை. அழுகையை அடக்க முடியாமல் தேம்பி அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து, ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை பேசிக்கொண்டே உடன்வந்தார்.

பிற்காலத்தில் டில்லியின் காழியாகவும் மாலத்தீவின் காழியாகவும் வீற்றிருந்தவர், முப்பதாண்டு கழித்து இதை மறைக்காமல் எழுதுவிக்கிறார். வெளிநாட்டு விமான நிலையத்தில் எல்லார்க்கும் ஆள் வந்து நிற்க, தனக்கு வரவேண்டியவர் மட்டும் வராது போன அனுபவம் உடைய நம்மவர், இந்தப் பக்கத்துக்கு உரை தேட வேண்டியதில்லை.

இங்கே அரபுச் சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம். நம் வீடுகளில் ஏழையைக் 'கரீபு' என்பர். 'ஃகரீப்' என்ற அரபுச் சொல்லின் நேர்ப்பொருள் ஏழை என்பதன்று. அயலான், தன் ஊரினின்றும் நீங்கியவன் என்பதாம். ஊரை நீங்கியவனுக்கு ஆளில்லை, ஆளில்லாதவன் ஏழை. பொருள் மாறிய வழி இதுவாக இருக்கலாம். சூரியன் மறையும் திசைக்கும், மக்ரிபு என்னும் தொழுகை நேரத்துக்கும், மொராக்கோ தேசத்தின் அரபுப் பெயராகிய 'மக்ரிப்' என்பதற்கும் அதே வேர்தான். ஆகவே மக்ரிபு நாட்டார் ஒருவர் கிழக்கே வந்து கரீபு ஆனார் என்னும்போது, ஒரே வேர்ச்சொல்லின் இரு முனைகளுக்கிடையே அவர் அலைந்தார் எனலாம்.

ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டவர் ஹஜ்ஜுக்குப் பின் ஏன் திரும்பவில்லை? வழி திறந்துகொண்டே சென்றது. ஈராக், எமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றி, 1333ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்துநதியை அடைந்தார். டில்லியில் முஹம்மது பின் துக்ளக் ஆண்டுகொண்டிருந்தான். அயல்நாட்டு ஆலிம்களுக்கு அள்ளிக்கொடுக்கும் அரசன் என்ற புகழ் எங்கும் பரவியிருந்தது. ஆயினும் அக்கொடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருவோர் நிலையாகத் தங்கிப் பணிபுரியும் எண்ணத்தோடு வந்தாலன்றி உள்ளே விடலாகாது என்பது கட்டளை. மூல்தான் நகரிலே காழியின் முன்னிலையில், சாட்சிகளோடு, தங்கியிருப்பதாக உறுதிப்பத்திரம் எழுதித் தரவேண்டும். இப்னு பதூத்தா எழுதித் தந்தார். அவருடன் வந்தவருள் சிலர் மறுத்துவிட்டனர்.

கடனும் உண்டு. சுல்தானைக் காண்போர் காணிக்கையோடு வரவேண்டும். காணிக்கையைவிடப் பன்மடங்கு அவன் திருப்பித் தருவான். இதைத் தெரிந்துகொண்ட வணிகர், புதிதாக வருவோர்க்குக் குதிரையும் ஒட்டகமும் பண்டமும் கடனாகக் கொடுத்து, பின்னர் கொழுத்த இலாபத்தோடு பெற்றுக்கொள்வர். நம் சபராளி இவ்வழியிற் சேர்ந்தார். ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் காழிப் பதவி கிடைத்தது. கடனோ 55,000 தீனாரை எட்டியது. சுல்தான் அதனைத் தீர்க்கும்வரை கடன்காரர் விடவில்லை. பத்திரம், கடன், பதவி என்று மூன்று கயிறுகள். ஊர் நினைப்பு இல்லாதவனாலும் இவற்றை அறுத்துக்கொண்டு எளிதில் வெளியேற முடியாது. அந்நினைப்பு உள்ளவனுக்கோ இவை காரணங்களாகிவிடும். கடன் தீரட்டும், தீர்ந்ததும் போகலாம் என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகள் கழியும். நாம் பிறரைக் குறித்துப் பேசவில்லை.

ஏறத்தாழ எட்டாண்டு டில்லி வாழ்வு. சுல்தானின் சினத்துக்கு ஆளான ஷைகு ஒருவரைச் சென்று கண்ட குற்றத்துக்காக இவரும் காவலில் வைக்கப்பட்டு, உயிர் தப்பியதே பெரிதாயிற்று. உடைமைகளைத் துறந்து சிலகாலம் ஒரு பெரியாரின் குகையில் தங்கி நோன்பு நோற்றார். மீண்டும் அழைப்பு வந்தபோது ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி கோரினார். சுல்தானோ அவரைச் சீனத்துக்குத் தூதராக நியமித்துவிட்டான். மேற்கே போக விரும்பியவர் இன்னும் கிழக்கே சென்றார்.

1342ஆம் ஆண்டு ஜூலையில் டில்லியை விட்டார். கள்ளிக்கோட்டைக் கடற்கரையில் புயல் அடித்துத் தூதுக்கப்பல் உடைந்து, காணிக்கைப் பொருள்களும் உடன்வந்தோரும் கடலுக்கிரையாயினர். கரையில் நின்ற இவர் தப்பினார். தூது போயிற்று, டில்லிக்குத் திரும்ப முகமுமில்லை. மாலத்தீவில் காழியானார். இலங்கையில் ஆதம் மலையைத் தரிசித்தார். அங்கிருந்து புறப்பட்ட கலமும் தரைதட்டி, நம் தமிழகக் கரையில், அரபியர் மஅபர் என்றழைத்த நாட்டில், ஒதுங்கினார்.

மதுரையில் அப்போது கியாஸுத்தீன் தாமகானி சுல்தானாக இருந்தான். முந்திய சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள் ஒருத்தியை இப்னு பதூத்தா டில்லியில் மணந்திருந்தார். மற்றொருத்தி கியாஸுத்தீனின் மனைவி. ஆகவே நம் நாட்டு மண்ணில் ஒரு சகலர் உறவோடு அவர் வந்திறங்கினார் எனலாம். உறவினன் என்பதற்காக அவர் கண்டதை மறைக்கவில்லை. போரில் பிடிபட்டோரை, பெண்டிரையும் பிள்ளைகளையும்கூட, அச்சுல்தான் கழுவேற்றியதைக் கண்டு அருவருத்து எழுதுகிறார். வேறெந்த மன்னனும் செய்து தாம் அறியாத கொடுமை என்றும், அதனாலேயே அல்லாஹ் அவனது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் சொல்லத் துணிகிறார். நம் ஆட்சி, நம் சுல்தான் என்று எதற்கும் முட்டுக்கொடுக்கும் வரலாற்றாசிரியர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லக்கூடாது.

மதுரைக்குள் அவர் சென்றபோது கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மாண்டனர். சுல்தானின் தாயும் மகனும் மனைவியும் இறந்தனர். சிறிது காலத்தில் சுல்தானும் இறந்தான். இப்னு பதூத்தாவுக்கும் காய்ச்சல் கண்டது. இதுவே தம் முடிவு என்று எண்ணிய வேளையில், அவ்வூரில் மிகுதியாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டுமென்று அல்லாஹ் உள்ளத்தில் தோன்றச் செய்தான் என்கிறார். மூன்று நாள் வயிறு கழிந்து, சுகம் பெற்றார். 'தமருல் ஹிந்த்', அதாவது இந்தியாவின் பேரீச்சம்பழம் என்று அரபியர் பெயரிட்ட நம் வீட்டுப் புளி, மக்ரிபு நாட்டுப் பயணிக்கு உயிர் தந்தது. எழுந்ததும் அவர் செய்த முதற்காரியம், அவ்வூரை வெறுத்து, புறப்பட அனுமதி கேட்டதே. அயலூரில் நோய்ப்படுக்கையில் கிடந்து எழுந்தவனுக்குத்தான் தன் ஊரின் அருமை புரியும்.

இவ்விடத்தில் அன்னாருடைய மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் செல்வது நேர்மையன்று. பிரிவுத்துயரை இவ்வளவு நன்கு அறிந்தவர், தாம் சென்ற இடந்தோறும் மணந்து, மணந்தவரை விட்டுச் சென்றார். திமிஷ்கு நகரில் ஒரு மனைவியைச் சூலியாக விட்டுச் சென்றார். மாலத்தீவிலும் அப்படியே. அங்கே பிறந்த மகனுக்கு இரண்டு வயதான காலத்தில் ஒருமுறை திரும்பிச் சென்று பார்த்தார். உடன் அழைத்துச் செல்ல எண்ணி, பின்னர் தாயிடமே இருப்பது நலமென்று விட்டுவிட்டு, ஐந்தாறு நாளில் கப்பலேறினார். அக்காலத்தில் அது வழக்கம் என்று சமாதானம் கூறலாம். வழக்கந்தான். அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்து ஒரு நூல் எழுதப்பட்டிருக்குமாயின், சபர் என்ற சொல்லுக்கு அதில் வேறு பொருள் இருந்திருக்கும்.

இறுதியில் சீனம் சென்றார். அந்நாட்டின் செழிப்பையும் பாதுகாப்பையும் பட்டுத்துணியையும் புகழ்கிறார். எனினும் உள்ளம் ஒட்டவில்லை. வெளியே சென்றால் மார்க்கத்துக்கு மாறானவற்றைக் கண்டு மனம் கலங்கியதால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்ததாகவும், முஸ்லிம் ஒருவரைக் கண்டால் தம் சொந்த பந்தங்களைக் கண்டதுபோல் இருந்ததாகவும் சொல்லுகிறார். அத்தகைய நாளொன்றில், அவர் தங்கியிருந்த ஊருக்குப் பெரிய மார்க்க அறிஞர் ஒருவர் படகில் வந்திறங்கினார். அவரைக் காண வந்தார். பேசிக்கொண்டிருக்கையில் இப்னு பதூத்தா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். ஏன் இப்படிப் பார்க்கிறீர் என்று அவர் வினவ, எந்த ஊர் என்று இவர் கேட்டார். ஸப்தா என்றார் அவர். நான் தன்ஜா என்றார் இவர்.

ஸப்தாவுக்கும் தன்ஜாவுக்கும் இடையே ஐம்பது அறுபது கிலோமீட்டர் தூரமிருக்கும். நமக்குக் கீழக்கரையும் தொண்டியும்போல. அவர் எழுந்து மறுபடியும் ஸலாம் உரைத்து அழுதார்; அழுகை இவரையும் தொற்றிக்கொண்டது. விசாரித்ததில், அல்புஷ்ரி எனப்படும் அவரை, முன்பு டில்லியில் தாய்மாமனோடு வந்திருந்த மீசை அரும்பாத மாணவராக, இமாம் மாலிக்கின் முவத்தாவை மனனம் செய்திருந்த கெட்டிக்காரப் பிள்ளையாக, தாம் கண்டிருந்தது நினைவுக்கு வந்தது. சுல்தான் அவருக்கு 3,000 தீனார் கொடுத்துத் தங்கச் சொன்னான். அவர் மறுத்துச் சீனம் வந்து பெருஞ்செல்வரானார். இப்னு பதூத்தா அவ்வூரைவிட்டுப் புறப்பட்டபோது நான்கு நாள் தொலைவு உடன்வந்து வழியனுப்பினார்.

சீனத்திலிருந்து திரும்பிய கப்பல் அவரை மலபாரில் கொண்டுவந்து சேர்த்தது. டில்லிக்குப் போகலாமா என்று எண்ணினார், பயந்து விட்டுவிட்டார். மேற்கே செல்லும் கப்பலில் ஏறி 1347ஆம் ஆண்டில் அரபுக் கரையை அடைந்து, பாரசீகம், பக்தாது வழியாக 1348இன் தொடக்கத்தில் திமிஷ்கு வந்தார்.

இருபதாண்டுகளுக்கு முன் சூலியாக விட்டுச்சென்ற மனைவிக்கு ஆண்பிள்ளை பிறந்த செய்தி அவருக்கு இந்தியாவில் இருந்தபோது கிடைத்திருந்தது. மிக்னாஸா ஊரினரான குழந்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு 40 பொன் தீனார் அனுப்பியிருந்தார். இப்போது நகருக்குள் நுழைந்ததும் மகனைப் பற்றி விசாரிப்பதொன்றே அவருக்கு வேலை. பள்ளிவாசலுக்குச் சென்றார். மாலிக்கி மத்ஹபின் இமாம் நூருத்தீன் ஸகாவி அங்கிருந்தார், ஸலாம் சொன்னார், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தம்மை இன்னாரெனத் தெரிவித்து, மகனைக் கேட்டார். மகன் இறந்து பன்னிரண்டாண்டு ஆயிற்று என்றார் இமாம். தன்ஜாவைச் சேர்ந்த ஆலிம் ஒருவர் ழாஹிரிய்யா மத்ரஸாவில் தங்கியிருப்பதாகவும் கூறினார். இப்னு பதூத்தா உடனே அங்கு விரைந்தார். பெற்றோரைப் பற்றிக் கேட்டார். தந்தையார் வஃபாத்தாகிப் பதினைந்தாண்டு ஆயிற்று. தாயார் ஹயாத்தாக இருக்கிறார் என்ற பதில் கிடைத்தது.

பதினைந்தாண்டு என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஹிஜ்ரீ 733 வருகிறது. அவர் சிந்துநதியை அடைந்தது 734 முஹர்ரம் முதல் நாள். தங்கியிருப்பதாக மூல்தானில் பத்திரம் எழுதித் தந்த வேளையில் தந்தையாரின் கபுரு ஏறத்தாழப் புதியதாக இருந்திருக்கும்.

1990களின் பிற்பகுதியில் நாமும் ஓர் அரபு நாட்டில் ஏழாண்டு ஆசிரியப்பணி புரிந்தோம். நமது தகப்பனார் மறைந்த செய்தி அஸர் தொழுகைக்குப் பின் தொலைபேசியில் வந்தது. கடவுச்சீட்டு வேலை தந்தவரின் பெட்டியில் இருந்தது. அவர் வெளியூர் சென்றிருந்தார். விடுப்பும் சீட்டும் கைக்கு வந்து ஊர்வந்து சேர்ந்தபோது, மையவாடியில் கபுரின்மேல் நட்டிருந்த மருதோன்றி துளிர்விட்டிருந்தது. அதற்குப் பின்னும் மூன்றாண்டு அங்கேயே இருந்தோம் என்பதையும் கூறிவிடவேண்டும். ஆகையால் இனிச் சொல்லப்போவதை இப்னு பதூத்தாவின்மீது குறைகாணும் நோக்கத்தோடு சொல்லவில்லை.

தாயார் இருக்கிறார் என்று கேட்டவர் நேரே ஊருக்கு ஓடினாரா? இல்லை. ஆண்டிறுதிவரை திமிஷ்கில் தங்கினார். பின்னர் ஹலப் நகரம் சென்றார். அங்கிருக்கையில் கொள்ளைநோய்ச் செய்தி வந்தது. உலகையே உலுக்கிய 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோய் அது. திமிஷ்குக்கு மீண்டார். மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, குர்ஆனை ஏந்தி வெளியே நடந்ததையும், யூதர் தவ்ராத்தோடும் கிறிஸ்தவர் இன்ஜீலோடும் பெண்டு பிள்ளைகளோடும் உடன்வந்து அழுததையும் கண்டார். அந்நகரில் ஒரே நாளில் இரண்டாயிரம் பேருக்குமேல் மாண்டதாகக் குறிப்பிடுகிறார். பைத்துல் முகத்தஸ், கைரோ என்று எங்கும் பிணக்குவியல். அவ்வழியே மக்கா சென்று, 1349ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹஜ் நிறைவேற்றினார். அதன்பின் கைரோவில் இருக்கையில்தான் ஊர் திரும்பும் தீர்மானத்தைச் சொல்லுகிறார். மக்ரிபில் அபூ இனான் அரசேறிய செய்தியும் அவனது நீதியும் தம்மை ஈர்த்தன என்கிறார். நூலை எழுதச் செய்தவனே அபூ இனான். ஆகவே இது சொல்லியே ஆகவேண்டிய சொல். அதனோடு சேர்த்துத் தாய்நாட்டின் நினைவும், உற்றார் நண்பர்மீது கொண்ட பாசமும், தமக்கு எல்லா நாடுகளையும்விட அதுவே உயர்ந்தது என்ற எண்ணமும் தம்மை இழுத்தன என்கிறார். இதைச் சொல்லவேண்டுமென்று எந்த அரசனும் கட்டளையிட்டிருக்க மாட்டான்.

திமிஷ்கில் செய்தி கேட்டதிலிருந்து இத்தீர்மானத்துக்கு ஓராண்டுக்குமேல் ஆயிற்று. ஹஜ்ஜு நிய்யத் உயர்ந்ததே, அதில் ஐயமில்லை. ஆனால் அது அவருக்கு முதல் ஹஜ்ஜு அன்று. பயணம் வேதனையின் ஒரு கூறு, வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புக என்ற கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. காழியாக இருந்தவர் அதனை அறியாதவரல்லர். பின் ஏன் தாமதித்தார்? திரும்புவதற்கும் ஒரு துணிவு வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை நமக்குத் தோன்றவில்லை. 21 வயதில் போகத் துணிவு வந்துவிடுகிறது. 44 வயதில், மகனின் மரணத்தையும் தந்தையின் மரணத்தையும் ஒரே நாளில் கேட்டவனுக்கு, வீட்டு வாயிலில் போய் நிற்பதைவிட இன்னொரு நகரத்துக்குச் செல்வது எளிதாக இருந்திருக்கும்.

1349ஆம் ஆண்டு கோடைக்கு முன் கப்பலேறினார். தூனிஸ் வந்தார். ஸலாம் சொல்ல ஆளின்றி அழுத ஊர் அது. இம்முறை மொராக்கோ அரசனின் படையும் ஆலிம்களும் அங்கிருந்தனர். அவர் பயணத்தைப் பற்றி அரசனே கேட்டறிந்தான். முப்பத்தாறு நாள் கழித்து, காத்தலான் நாட்டார் கப்பலில் சார்தீனியாத் தீவுக்குச் சென்றபோது, அங்குள்ளோர் பின்தொடர்ந்து சிறைபிடிக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. இவ்வளவு அருகில் வந்து அடிமையாகிவிடுவோமோ என்ற நிலை. தப்பினால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்பதாக நேர்ச்சை செய்தார். தப்பினார். கரையேறித் திலிம்ஸான் வழியாகத் தரைவழியே வந்தார்.

தாஸா என்னும் ஊரை அடைந்தபோது, தாயார் கொள்ளைநோயில் இறந்துவிட்டார் என்ற செய்தி கிடைத்தது.

நூலில் அது ஒரு வாக்கியம். அடுத்த வாக்கியத்தில் அவர் ஃபாஸ் நகரம் சேர்ந்து அரசனைக் காண்கிறார். 1349 நவம்பர் மாதம் அது. வீட்டை விட்டு 24 ஆண்டு. அரசவைப் புகழுரைகள் பல பக்கம் ஓடியபின், தன்ஜாவுக்குச் சென்று தாயாரின் கபுரை ஸியாரத் செய்ததைச் சொல்லுகிறார். அங்கே என்ன ஓதினார், எவ்வளவு நேரம் நின்றார் என்பதெல்லாம் இல்லை. தூனிஸில் அழுததைச் சொன்னவர் இங்கே அழுததாகச் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக, ஃபாஸ் வந்து சேர்ந்த இடத்தில், தம் நாட்டின் பெருமையைக் கணக்குப்போட்டு நிறுவுகிறார். மக்ரிபின் திர்ஹம் சிறிது, ஆனால் பயன் பெரிது என்று தொடங்கி, மிஸ்ரிலும் ஷாமிலும் ஆட்டிறைச்சி என்ன விலை, நெய் என்ன விலை, பழம் என்ன விலை, இங்கே என்ன விலை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். முதல் வாசிப்பில் இது நமக்குச் சலிப்பூட்டிற்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. சபர் முடித்து வந்த பெரியவர்கள் நம்மூர்த் திண்ணையில் அமர்ந்து, அங்கே ஒரு தேங்காய் என்ன விலை தெரியுமா, இங்கே காசில்லாமலேயே விழுகிறது என்று வாதாடுவதைக் கேட்டிருக்கிறோம். எதிரில் மறுப்போர் யாருமிரார். திரும்பி வந்தது சரிதான் என்று அவர்கள் யாருக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்?

ஊரிலும் அவர் கால் உடனே தரிக்கவில்லை. ஸப்தாவில் மூன்று மாதம் நோயுற்றார். அந்தலுஸ் சென்று கிரனாடா வரை கண்டார். பிறகு ஸஹாரா பாலைவனத்தைக் கடந்து மாலி அரசுக்கும் போய்வந்தார். அபூ இனானின் கட்டளை வந்து திரும்ப அழைத்தது. அதன் பின்னரே, அரசன் பணித்தபடி, கிரனாடாவைச் சேர்ந்த எழுத்தாளர் இப்னு ஜுஸய்யிடம் தம் பயணத்தைச் சொல்லி, 1355 டிசம்பரில் முடித்தார். அவர் திரும்பாதிருந்தால் மதுரைச் சுல்தான்களின் காலத்தை நேரில் கண்டெழுதிய இந்தச் சாட்சி நமக்குக் கிடைத்திராது.

ஊரார் நம்பினார்களா என்றால், பலர் நம்பவில்லை. அக்காலத்தில் ஃபாஸ் நகரில் இருந்த மாபெரும் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், தம் முகத்திமாவில் இதைப் பதிவு செய்திருக்கிறார். டில்லிச் சுல்தான் ஊர்வலத்தில் கவண்பொறி வைத்துக் காசுப்பைகளை மக்கள்மீது எறிவான் என்பதுபோன்ற செய்திகளைக் கேட்டு, இம்மனிதர் பொய் சொல்கிறார் என்று மக்கள் காதுக்குள் பேசிக்கொண்டனராம். இப்னு கல்தூனுக்கும் அதே ஐயம். அமைச்சர் ஃபாரிஸ் இப்னு வத்ராரிடம் அதைச் சொன்னபோது அவர் எச்சரித்து ஒரு கதை கூறினார். அரசனால் சிறையிலிடப்பட்ட மந்திரி ஒருவரின் மகன் சிறையிலேயே வளர்ந்தான். தனக்குத் தரப்படும் இறைச்சி எதனுடையது என்று கேட்டான். ஆட்டினுடையது என்றார் தந்தை. ஆடு எப்படியிருக்கும் என்று விவரித்தார். அப்படியானால் அது எலியைப் போன்றதோ என்றானாம் பையன். சிறையில் அவன் கண்ட ஒரே பிராணி எலி. எங்கும் செல்லாத ஊரார், சென்று வந்தவரை எப்படிக் காண்பர் என்பதற்கு இதனினும் தெளிவான கதையை நாம் அறியோம். பிற்காலத்தில் தம் நாட்டிலேயே காழியாகப் பணியாற்றி, ஹிஜ்ரீ 770ஆம் ஆண்டளவில், கி.பி. 1368 அல்லது 1369இல், அன்னார் காலமானார்.

ஒன்றைச் சொல்லாமல் கடந்துவிட்டோம். மாலிக்குப் புறப்படுமுன், 1351இல், ஸஹாரா விளிம்பிலுள்ள ஸிஜில்மாஸா நகரில் அவர் நான்கு மாதம் தங்கி, ஒட்டகம் வாங்கித் தீனியிட்டுப் பயணத்துக்கு ஆயத்தம் செய்தார். தங்கியது அவ்வூரில் வாழ்ந்த அபூ முஹம்மது அல்புஷ்ரி என்னும் ஆலிமின் வீட்டில். சீனத்தில் கண்ணீர்விட்டு அழுத அந்த ஸப்தாக்காரரின் உடன்பிறந்தவர் இவர். எவ்வளவு தொலைவில் இருக்கிறார்கள் இருவரும் என்று வியந்து ஒரு வரி சொல்லிவிட்டு, வீட்டார் தம்மைப் பெரிதும் உபசரித்ததாகக் குறிப்பிடுகிறார் இப்னு பதூத்தா. அண்ணன் தம்பி இருவர் முகத்தையும் கண்டவர் அவ்வீட்டில் அவர் ஒருவரே. முதல் நாள் இரவு உணவுக்குப்பின் அந்த ஆலிம் அவரிடம் எதை முதலில் கேட்டார் என்பதை நூல் சொல்லவில்லை.